ஊதாரி என்றொரு பட்டம்

ஜொகூரில் தமிழர் நாலு பேர் கூடிப் பணத்தைப் பற்றிப் பேசினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஓரிடத்தில் வந்து நிற்கும்: "நம்ம ஆளுங்களுக்குச் சேர்த்து வைக்கத் தெரியாது." கோயில் கூட்டத்தில் கேட்கலாம், தமிழ்ப்பள்ளி மேடையில் கேட்கலாம், கல்யாண விருந்தில் சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்திலும் கேட்கலாம். சொல்பவர் பெரும்பாலும் தாம் கொஞ்சம் சேர்த்துவிட்டவராக இருப்பார். சீனரைப் பார் என்பார். தீபாவளிக்குக் கடன், காதுகுத்துக்கு டேவான் மண்டபம், பிறந்தநாளுக்கு மேடை அலங்காரம் என்று அடுக்குவார். கேட்பவர்களும் மறுக்கமாட்டார்கள். தன்மேல் விழுந்த பட்டத்தை இவ்வளவு சுலபமாக வாங்கிக்கொண்டு, அதையே பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிற சமூகங்கள் அதிகமில்லை.

இந்தப் பட்டத்தில் உண்மை துளியும் இல்லை என்று வாதாட நான் வரவில்லை. ஆனால் சிக்கனம், தாராளம், ஊதாரித்தனம் எல்லாவற்றையும் பிறவிக் குணமாகப் பார்ப்பதில் ஒரு கோளாறு இருக்கிறது. கைக்கு வந்த காசை ஒருவர் சேர்ப்பாரா, செலவழிப்பாரா, கொடுத்துவிடுவாரா என்பதில் அவருடைய குணத்துக்குப் பங்கு உண்டு. அந்தக் காசை நம்பி வைக்க அவருக்கு ஓர் இடம் இருந்ததா என்பதற்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு. ஜொகூர்த் தமிழரின் நூறாண்டுக் கணக்கை இந்தக் கேள்வியோடு புரட்டினால், செலவு என்று எழுதப்பட்ட பல வரிகள் உண்மையில் சேமிப்பு என்பது தெரியவரும்.

முதலில் கித்தா, அதாவது ரப்பர். சிங்கப்பூரை நோக்கி இறங்கும் ஜொகூர் ரயில் பாதை 1909-இல் முடிந்தது. அதன் இருபுறமும் சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங், கூலாய் என்று தோட்டங்கள் பரவின. கங்காணிகள் அழைத்து வந்தவர்கள் லயங்கள் என்ற வரிசை வீடுகளில் குடியேறினார்கள். 1920களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளுக்கு நிர்ணயிக்கப்பட்ட கூலி, நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-இல் உலக மந்தம் வந்ததும் அது 40, 32 என்று வெட்டப்பட்டது. பிறகு அதற்கும் கீழே சரிந்தது. வேலையில்லை என்று கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். நிலைமையைப் பார்வையிட வந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, பழைய 50, 40 கூலியையே திரும்பக் கொடுங்கள் என்று தமது 1937 அறிக்கையில் பரிந்துரைத்தார். ஏழாண்டு கழித்தும் ஒரு தொழிலாளி பழைய கூலிக்கே மனுப்போட வேண்டியிருந்த காலம் அது.

இந்தக் கூலியிலும் மிச்சம் பிடித்தார்கள் என்பதுதான் ஆச்சரியம். கூட்டுறவுச் சங்கச் சட்டம் 1922-இல் வந்த பிறகு, தோட்டத் தொழிலாளருக்கென்றே சிக்கனச் சங்கங்கள் தொடங்கின. ஊருக்கு மணியார்டர் போனது. அந்தப் பணம் காணியாகவும் தங்கையின் கல்யாணமாகவும் குலசாமி கோயிலின் சுவராகவும் மாறியது. மலாயாவில் நின்று பார்த்தவனுக்குத் தமிழன் கையில் ஒன்றும் தங்கவில்லை. திருச்சி, தஞ்சாவூர், சேலம் பக்கத்துக் கிராமத்தில் நின்று பார்த்தவனுக்கு மலாயாக்காரன் வீடு ஓட்டு வீடு. எங்கே நின்று கணக்கெடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே ஒருவன் ஊதாரியாகவோ சிக்கனக்காரனாகவோ தெரிகிறான்.

கள்ளைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. கள்ளில் கரைந்த கூலி உண்மை. அதனால் அடிபட்ட பெண்களும் பட்டினி கிடந்த பிள்ளைகளும் உண்மை. கூடவே இன்னொன்றையும் சொல்லவேண்டும். பல தோட்டங்களில் கள்ளுக்கடையின் உரிமம் நிர்வாகத்தின் பெயரிலேயே இருந்தது. அதில் வந்த லாபத்தைத் தொழிலாளர் நலனுக்கென்று ஒதுக்குவதாக ஏற்பாடு. காலையில் கூலி கொடுத்தவரே மாலையில் கள்ளும் விற்று, அந்த லாபத்தில் பந்து வாங்கிக்கொடுத்து, தமிழனுக்குச் சேமிக்கத் தெரியவில்லை என்று அறிக்கையும் எழுதினார். இந்த ஏற்பாட்டை எதிர்த்து எழுந்தவர்களும் தோட்டத்து ஆட்களே. 1947-இல் கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்தபோது போலீஸ் தடியோடு வந்தது.

இனி ஒரு சின்னப் புத்தகம். மலேசியாவில் தோட்டத்திலோ கம்பத்திலோ வளர்ந்தவர் எவருக்கும் 555 புத்தகத்தை விளக்கவேண்டியதில்லை. உள்ளங்கையில் அடங்கும் குறிப்பேடு. அட்டையில் பெரிதாக 555 என்று போட்டிருக்கும். மளிகைக்கடையில் பற்று எழுத அதுதான். அரிசி, மண்ணெண்ணெய், கருவாடு, கட்டிப்பால் டின், பிள்ளைக்கு ஒரு பென்சில் என்று ஒவ்வொன்றும் ஒரு வரி. சம்பள நாளில் கடைக்காரர் கூட்டிப் போடுவார். வந்த சம்பளத்தில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். பாக்கி அடுத்த பக்கத்துக்குப் போகும்.

பாக்கி முழுவதையும் ஒரே நாளில் தீர்த்துவிட்டால் கடைக்காரருக்குச் சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் அதிகம் வரும்: ஆள் தோட்டத்தை விட்டுக் கிளம்புகிறானோ? பற்று இருக்கும்வரை உறவு உண்டு. ஜொகூரில் ஆண்டு முடிவில் அடைமழை பிடித்தால் வாரக்கணக்கில் மரம் வெட்ட முடியாது. வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. அந்த வாரங்களில் அடுப்பு எரிந்தது 555 புத்தகத்தால். கடனாளி என்று நாம் முகம் சுளிக்கிற அந்த மனிதர் உண்மையில் மழைக்காலக் காப்புறுதிக்கு மாதாமாதம் சந்தா கட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சந்தா விலையோடு சேர்ந்தே வந்தது, அதனால் யார் கண்ணுக்கும் படவில்லை. கடைக்காரரைத் தியாகி ஆக்கவும் வேண்டாம். கடன் விலை வேறு, ரொக்க விலை வேறு என்பது அவருக்குத் தெரியும்.

தங்கத்துக்கு வருகிறேன். கையில் நாலு காசு சேர்ந்தால் நகை வாங்குவது தமிழரின் பழைய பழக்கம். ஆனால் மலாயாவில் அந்தப் பழக்கத்துக்கு ஒரு தலைமுறை நேரில் கண்ட காரணமும் சேர்ந்துகொண்டது. ஜப்பானியர் ஆட்சியில் அச்சடித்த நோட்டுகளில் பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் இருக்கும். 1945-இல் ஜப்பான் சரணடைந்தது. பிரிட்டிஷார் திரும்பி வந்து, அந்த நோட்டு செல்லாது என்றார்கள். மூன்றரை ஆண்டு உழைப்பை மூட்டையாகக் கட்டி வைத்திருந்தவர்களிடம் கடைசியில் காகிதம்தான் இருந்தது. சயாம் மரண ரயில் பாதைக்குப் போன கணவன் திரும்பி வராத வீட்டில், தோட்டும் மூக்குத்தியும் அரிசியாக மாறியதைப் பார்த்த பெண்ணிடம், வங்கியில் போட்டால் வட்டி வரும் என்று சொல்லிப் பாருங்கள். அவள் பேத்திக்கு இன்னும் ஒரு ஜோடி வளையல் வாங்குவாள்.

இது பழங்கதையும் இல்லை. அடகுக்கடை இன்றும் ஜொகூர் பாரு, மாசாய், கூலாய்க் கடைவீதிகளில் ஏழைகளின் வங்கியாகத்தான் நடக்கிறது. 1972-ஆம் ஆண்டின் அடகுக்கடைச் சட்டப்படி வட்டி மாதம் இரண்டு விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. வங்கிக் கடனோடு ஒப்பிட்டால் அதிகம். தொலைபேசிக் கம்பத்தில் எண்ணை ஒட்டிவிட்டுப் போகிற வட்டி முதலைகளோடு ஒப்பிட்டால் தர்மம். சம்பளச் சீட்டு கேட்கமாட்டார்கள், ஜாமீன் கேட்கமாட்டார்கள், முகம் பார்க்கமாட்டார்கள். வளையலைத் தராசில் வைத்தால் போதும். பள்ளிக்கூடம் திறக்கும் ஜனவரியில் உள்ளே போய், போனஸ் வந்ததும் மீண்டு, அடுத்த ஜனவரியில் மறுபடி உள்ளே போகிற வளையல்கள் உண்டு. அந்த வளையலை ஆடம்பரம் என்பவர் அதன் வேலையைக் கவனிக்கவில்லை.

இவற்றையெல்லாம்விடச் சுவையானது கூட்டு. பத்துப் பெண்கள் சேர்கிறார்கள். ஆளுக்கு மாதம் 200 வெள்ளி. மாதம் ஒருவர் 2,000 வெள்ளியை மொத்தமாக எடுத்துக்கொள்கிறார். யார் முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்பது ஒரு வகை. பணமுடை உள்ளவர், "நான் 1,700-க்கே எடுத்துக்கறேன்" என்று கழிவு கேட்டு எடுப்பது இன்னொரு வகை. விட்டுக்கொடுத்த 300 மற்றவர்களுக்குப் பங்காகும். கூட்டு பிடிக்கும் அக்காவுக்கு வழக்கமாக முதல் மாதம். அவசரத்துக்கு முதலில் எடுத்தவருக்கு இது கடன். கடைசியில் எடுப்பவருக்கு இது சேமிப்பு. ஒரே வட்டத்தில் இரண்டும் நடக்கும். பத்திரம் கிடையாது, கையெழுத்துக்கூடக் கிடையாது. பிடிமானம் ஒன்றே ஒன்று: எடுத்துவிட்டு ஓடியவள் மறுநாள் பொதுக் குழாயடியில் முகம் காட்டமுடியாது.

கிளிஃபர்ட் கீர்ட்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1962-இல் இத்தகைய வட்டங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஜாவாவின் அரிசான் உட்படப் பல நாட்டு வழக்கங்களை ஒப்பிட்டு, கிராமத்துக் கொடுக்கல் வாங்கலிலிருந்து வங்கிப் பொருளாதாரத்துக்கு ஏறும்போது மக்கள் மிதிக்கும் நடுப்படி இது என்றார். படி ஏறிய பிறகு தேவைப்படாது, மறைந்துவிடும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. மலேசியாவில் அது மறையவில்லை. அரசாங்கம் 1971-இல் கூட்டு நிதித் தடைச் சட்டத்தையே கொண்டுவந்தது. கூட்டு, சீட்டு, சீனரின் ஹுவே, ஐரோப்பாவின் டொன்டீன் எல்லாவற்றையும் ஒரே வரையறைக்குள் வைத்து, அதைத் தொழிலாக நடத்துவதைக் குற்றமாக்கியது. ஏமாற்றிவிட்டு ஓடியவர்கள் இருந்தார்கள். சட்டத்துக்குக் காரணம் இருந்தது. ஆனாலும் மூன்று இனத்துப் பெண்களும் ஆளுக்கொரு பெயரில் இதையே செய்துவந்தார்கள் என்பதற்கு அந்தச் சட்டத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. சேமிக்கத் தெரியாத இனம் என்று யாரையாவது சொல்லுமுன் அந்த வரையறையை ஒருமுறை படிக்கலாம்.

கூட்டின் பெரிய பலம் கட்டாயம்தான். மேசை டிராயரில் இருக்கும் 200 வெள்ளியைத் தம்பி கேட்டால் கொடுக்காமல் இருக்கமுடியாது. "கூட்டுக்குக் கட்டணும்" என்றால் தம்பியும் வற்புறுத்தமாட்டான். உறவினருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாத, சொல்லக்கூடாத ஒரு சமூகத்தில், இல்லை என்று சொல்ல மரியாதையான வழியைக் கூட்டு கொடுத்தது. தாராளத்திடமிருந்து சிக்கனத்தைக் காப்பாற்றிய ஏற்பாடு என்று இதைச் சொல்வேன்.

மொய்யும் இதே குடும்பம்தான். தோட்டத்துக் கல்யாணத்தில் வாசலில் மேசை போட்டு, கையெழுத்து நன்றாக உள்ள ஒருவரை உட்காரவைத்து, பெயர், லயம், தொகை என்று எழுதுவார்கள். சில இடங்களில் ஒலிபெருக்கியில் வாசிப்பும் உண்டு. பத்து வெள்ளி எழுதியவர் வீட்டு விசேஷத்துக்குப் பத்துக்குக் குறையாமல் திரும்பப் போகவேண்டும். புதுக்கோட்டை, தஞ்சாவூர் எல்லையில் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி மாதத்தில் நடக்கும் மொய் விருந்துகளை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே விசேஷமே தேவையில்லை. கறிச்சோறு போட்டு, கொடுத்த மொய்யை வசூலித்து, ஒரே நாளில் லட்சக்கணக்கில் முதல் திரட்டித் தொழில் தொடங்குகிறார்கள். கொடுத்தது அன்பளிப்பா கடனா என்று கேட்டால், இரண்டும் என்பதே சரியான பதில். பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925-இல் கொடையைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதிச் சொன்னதை, மொய் எழுதும் கணக்கப்பிள்ளை நோட்டைப் புரட்டியே சொல்லிவிடுவார்: திருப்பித் தரும் கடமை இல்லாத கொடை மிக அரிது.

கல்யாணச் செலவைச் சாடியவர்கள் உண்டு. பெரியார் 1929 டிசம்பரில் மலாயா வந்தார். 1954-இல் மறுபடியும் வந்தார். சடங்கும் விருந்தும் தமிழனைக் கடனாளி ஆக்குகின்றன என்பது சுயமரியாதைக்காரர்களின் ஓயாத பேச்சு. அவருடைய சிக்கனமோ உலகறிந்தது. கையெழுத்துக்குக் காசு, உடன் நின்று படம் எடுக்கக் காசு, குழந்தைக்குப் பெயர் வைக்கக் காசு. இப்படிச் சேர்த்த பணம் அறக்கட்டளைக்கும் பள்ளிகளுக்கும் போனது. கஞ்சன் என்ற சொல்லைச் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்ட அவர், கொடுத்த கணக்கில் பல வள்ளல்களை மிஞ்சியவர். அவருடைய வாதத்தை நான் பாதி ஏற்கிறேன். தோட்டத்தில் எல்லாரும் ஒரே இடத்தில் இருந்த காலத்தில் கல்யாணச் செலவு ஒரு முதலீடு, போட்டது திரும்பும். தோட்டம் விற்கப்பட்டு, ஆட்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் பாசீர் கூடாங், ஸ்கூடாய்த் தாமான் குடியிருப்புகளுக்கும் சிதறிய பிறகு, மொய் நோட்டில் உள்ள பெயர்களில் பாதி எங்கே இருக்கின்றன என்றே தெரியாது. செலவு அப்படியே நின்றது, அல்லது கூடியது. திரும்பி வரும் வழி மட்டும் அடைபட்டது. இன்றைய டேவான் விருந்தைப் பற்றிய குறை நியாயமானது என்றால், இந்த அளவில் நியாயமானது.

தமிழரிலேயே எதிர் உதாரணம் தேடுபவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடம் போவார்கள். மூவாரிலும் அவர்கள் வட்டித்தொழில் நடந்தது. அவர்களுடைய தொழிற்கூடமான கிட்டங்கியின் நீண்ட கூடத்தில் ஆளுக்கொரு பாய், ஒரு சாய்வு மேசை, ஒரு பெட்டி. நாற்காலிச் செலவுகூட இல்லை. மூன்றாண்டுத் தவணைக்கு வந்த அடுத்தாள் (உதவியாள்) அங்கேயே படுத்து, பொதுச் சமையலில் உண்டு, கணக்கு முடித்துக் கப்பலேறுவார். அவர்கள் கஞ்சத்தனத்தைப் பற்றிக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. அதே ஆட்கள் போன ஊரெல்லாம் முருகனுக்குக் கோயில் கட்டினார்கள். காரைக்குடியிலும் சிதம்பரத்திலும் கல்லூரிகளும் பல்கலைக்கழகமும் எழுப்பினார்கள்.

இதை முரண் என்று வியப்பவர்கள் டேவிட் ரட்னர் 1994-இல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்கவேண்டும். செட்டியார்களின் கோயிலும் வங்கியும் தனித்தனி இல்லை என்பது அவர் காட்டும் விஷயம். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலிலும் மகமை என்று ஒரு சிறு பங்கு கோயிலுக்குப் போகும். நடப்பு வட்டியைக் கூடி முடிவுசெய்வதும் கோயிலில்தான். கொடுப்பவன் நம்பகமானவன்; நம்பகமானவனுக்கு மற்றவர் பணம் கொடுத்து வைப்பார்கள். ஆக, கொடை அங்கே தொழிலின் அங்கம். தோட்டத் தொழிலாளியின் மொய்யும் செட்டியாரின் மகமையும் ஒரே வேலையைத்தான் செய்தன. செட்டியாரிடம் அதைத் தொடர்ந்து எழுதிவைக்கக் கணக்குப் புத்தகமும், கடலுக்கு அப்பாலும் செல்லுபடியான ஓர் உறவு வலையும் இருந்தன. தொழிலாளியின் வலை தோட்டத்து வேலியோடு முடிந்தது.

வேலிக்கு அப்பால் கை நீண்ட சந்தர்ப்பங்களும் உண்டு. சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் இந்திய இயல் துறை தொடங்கவிருந்தபோது, தமிழுக்கு அங்கே உறுதியான இடம் வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 1955-இல் "தமிழ் எங்கள் உயிர்" நிதியைத் தொடங்கினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. தோட்டத் தொழிலாளர் கொடுத்தார்கள். துறை 1956-இல் தொடங்கி, பிறகு கோலாலம்பூருக்குப் போனது. பால்மரம் வெட்டியவர்களில் எத்தனை பேரின் பிள்ளை அப்போது பல்கலைக்கழக வாசலை மிதித்திருப்பான்? திரும்பி வரும் என்ற கணக்கே இல்லாமல் கொடுத்த பணம் அது. மோஸின் விதிக்கு விலக்கு.

கோயிலுக்குக் கொடுப்பது பற்றிப் படித்தவர்களுக்கு எப்போதும் ஒரு முணுமுணுப்பு இருக்கும்: இந்தக் காசில் எத்தனை பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம்? ஜொகூர் பாருவின் ராஜகாளியம்மன் ஆலயம் 1922-இல் ஒரு குடிசையாக இருந்தது. இன்று கூரையும் தூணும் சுவரும் லட்சக்கணக்கான கண்ணாடித் துண்டுகளால் இழைத்த கண்ணாடிக் கோயில். சிங்கப்பூர்ச் சுற்றுப்பயணிகள் பேருந்தில் வந்து இறங்குகிறார்கள். முணுமுணுப்பில் நியாயம் உண்டு. ஆனால் ஒரு தொழிலாளி தன் பத்து வெள்ளியை எங்கே கொடுத்தால் அது என்ன ஆனது என்று கண்ணால் பார்க்கமுடியும் என்று யோசித்தால், கோயிலுக்குப் போட்டி குறைவு. கண்ணாடி அங்கேயே ஒட்டியிருக்கிறது. யாரும் தூக்கிக்கொண்டு போகமுடியாது. மற்ற இடங்களில் அவருக்குக் கிடைத்த அனுபவம் வேறு.

அந்த அனுபவத்தில் நல்லது ஒன்று, கெட்டது ஒன்று. 1950களில் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் துண்டுபோட்டு விற்றார்கள். லயத்தில் இருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போனார். மாதம் பத்து வெள்ளி கட்டுங்கள், நூறு வெள்ளி ஒரு பங்கு, உங்கள் தோட்டத்தை நாமே வாங்குவோம் என்றார். நாளுக்கு இரண்டு மூன்று வெள்ளி சம்பாதித்தவர்கள் பத்து வெள்ளி கட்டினார்கள். கெடாவில் புக்கிட் சீடிம் முதல் தோட்டம். பிறகு பல தோட்டங்கள் சேர்ந்தன. சேமிக்கத் தெரியாதவர்கள் சேர்ந்து ரப்பர் தோட்டங்களை வாங்கிய கதை இது. நம் மேடைகளில் ஏனோ இது போதிய அளவு சொல்லப்படுவதில்லை.

அடுத்தது மைக்கா. 1982-இல் ம.இ.கா. முன்னின்று தொடங்கிய முதலீட்டு நிறுவனம். ஏறத்தாழ 66,000 இந்தியர்கள் பத்துக் கோடி வெள்ளிக்கு மேல் போட்டார்கள். நகையை அடகுவைத்துப் பங்கு வாங்கியவர்கள் அதில் உண்டு. வளையல் முதல்முறையாகக் காகிதத்தை நம்பியது. பிறகு வந்தவை, லாப ஈவு இல்லாத ஆண்டுகள், டெலிகோம் பங்கு ஒதுக்கீட்டைச் சுற்றி 1990களில் எழுந்த சர்ச்சை, பங்குதாரர் கூட்டங்களில் கூச்சல். 2010-இல் பங்கு ஒன்றுக்கு 80 சென் தந்து வாங்கிக்கொள்ள ஒரு நிறுவனம் முன்வந்தது. ஒரு வெள்ளி போட்டவருக்கு இருபத்தெட்டு ஆண்டு கழித்து 80 சென். அதைக்கூட நிம்மதியாக வாங்கிக்கொண்டார்கள். பேரன் யூனிட் டிரஸ்ட் என்று வாயெடுத்தால் பாட்டி ஏன் பேச்சை மாற்றுகிறாள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இத்தனைக்கும் நடுவே மலேசியத் தொழிலாளியை உண்மையாகச் சேமிக்க வைத்தது ஊழியர் சேமநிதி. 1951-இல் தொடங்கியது, உலகின் பழைய சேமநிதிகளில் ஒன்று. இன்று தொழிலாளியின் சம்பளத்தில் 11 விழுக்காடு பிடிக்கப்படும். முதலாளி 12 அல்லது 13 விழுக்காடு சேர்ப்பார். யாருடைய குணத்தையும் கேட்காமல், காசு கைக்கு வருமுன்பே எடுத்துக்கொள்கிறது. கூட்டு பிடித்த அக்கா செய்த வேலையை அரசாங்கம் பெரிய அளவில் செய்தது என்றும் சொல்லலாம். ஆனால் சதவிகிதம் சம்பளத்தைப் பொறுத்தது. குறைந்தபட்சச் சம்பளமே 2013-இல்தான் வந்தது, தீபகற்பத்தில் 900 வெள்ளி. அது 2025-இல்தான் 1,700 ஆனது. ஓய்வுக்கு அடிப்படைத் தேவை என்று சேமநிதி வாரியம் நீண்டகாலம் சொல்லிவந்தது 240,000 வெள்ளி; மாதம் ஆயிரம் வீதம் இருபது ஆண்டுகள். பழைய தோட்டச் சம்பளத்தில் பிடித்தது அந்த எண்ணை எட்டுவது கடினம்.

ஜொகூரின் தனிக்கதை இங்கேதான் தொடங்குகிறது. 1924-இல் திறந்த பாலத்தின் அந்தப் பக்கம் சிங்கப்பூர். 1973 வரை இரண்டு வெள்ளியும் ஒரே மதிப்பு; இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல். விடியற்காலை நாலு மணிக்கே மாசாயிலிருந்தும் தம்போயிலிருந்தும் மோட்டார் சைக்கிள்கள் கிளம்பிவிடும். பாலத்தில் ஹெல்மெட்டுகளின் வெள்ளம். தோட்டத்துத் தாத்தாவின் பேரன் பாதுகாவலராகவோ கப்பல் பட்டறையிலோ கிடங்கிலோ வேலை செய்து, இங்கே அதே வேலைக்குக் கிடைப்பதைப்போல இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ கொண்டுவருகிறான். அந்த வருமானத்தில் கார் வருகிறது, தாமானில் வீடு வருகிறது, அம்மன் கோயில் திருவிழாவுக்கு ஒரு நாள் உபயம் வருகிறது. ஊதாரிப் பட்டமும் கூடவே வருகிறது.

வராத ஒன்றும் உண்டு. சிங்கப்பூரின் மத்திய சேமநிதி அந்த நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். வேலை அனுமதியில் போகும் மலேசியருக்கு அங்கே பிடித்தமில்லை. இங்கே முதலாளி இல்லாததால் இங்கும் பிடித்தமில்லை. தாத்தாவின் சொற்பக் கூலியிலும் பிடிக்கப்பட்ட பங்கு, பேரனின் பெரிய சம்பளத்தில் காணாமல் போய்விட்டது. 2020 மார்ச் 18-ஆம் தேதி எல்லை மூடியபோது இதன் விலை தெரிந்தது. ஏப்ரல் முதல் சேமநிதியிலிருந்து மாதம் 500 வெள்ளி வரை எடுத்துக்கொள்ளலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. இதிலும் அடுத்தடுத்த திட்டங்களிலுமாக நாடு முழுவதும் 14,500 கோடி வெள்ளி வெளியே போனது. எல்லை கடந்து வேலை செய்தவர்களில் பலருக்கு எடுக்க ஒன்றுமில்லை, அல்லது பழைய வேலையில் சேர்ந்த சில ஆயிரம்தான். தாமான் கோயில்கள் அரிசிப் பை கட்டின. வரிசையில் நின்றவர்களில் சென்ற ஆண்டு உபயம் செய்தவர்களும் இருந்தார்கள்.

விருப்பமுள்ளவர்கள் சேமநிதியில் தாமாகவே கட்டலாம். தொலைபேசியிலேயே முடிந்துவிடும் வேலை. முதலாளியின் பங்கு இல்லாமல், யாரும் பிடிக்காமல், மாதாமாதம் 11 விழுக்காட்டைத் தானாகப் போய்க் கட்டுகிற ஆளைப் பாலத்தில் தேடிப் பாருங்கள். தமிழரில் மட்டுமில்லை, சீனரிலும் மலாய்க்காரரிலும் தேடுங்கள். சொற்பம் பேர்தான் அகப்படுவார்கள். பெரும்பாலான வீடுகளில் நடப்பது வேறு. சம்பளம் வந்த வாரத்தில் மகனிடமிருந்து 300 வெள்ளியைத் தாய் வாங்கிக்கொள்கிறாள். கேட்டால் வீட்டுச் செலவுக்கு என்பாள்; கொண்டுபோய்க் கூட்டில் கட்டுகிறாள். குழாயடி இல்லாத அடுக்குமாடியில் அந்தக் கூட்டு இப்போது வாட்ஸ்அப் குழுவாக இருக்கிறது. யார் கட்டினார்கள், யார் எடுத்தார்கள் என்பது வங்கி ரசீதின் படத்தோடு அங்கே ஏறிவிடும். 1971-ஆம் ஆண்டுச் சட்டம் சந்தேகத்தோடு பார்க்கும் அந்தக் கூட்டுதான் பேரனுக்கு இன்று இருக்கும் ஒரே கட்டாயச் சேமிப்பு. அதுவும் பத்து மாதத்தில் முடிந்துவிடும்.